நர்ஸ் கையில் சிகரெட்!

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, காதுல வாங்கினால்தானே!" என்று வீட்டுக்காரரின் சிகரெட்டைப் பற்றி அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு, இந்தத் தடவை அமெரிக்க நர்ஸுகளின் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நர்ஸா, சிகரெட்டா என்று மூக்கின் மேல் விரல் வைக்காதீர்கள். 1976-ல் அந்த நாட்டில் நர்ஸுகளை வைத்தே ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். 30 முதல் 55 வயதுக்குள் இருந்த 1,21,700 நர்ஸம்மாக்கள் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேள்வித்தாள் அனுப்பி, உடம்பு எப்படி, பழக்கவழக்கம் என்ன என்று விசாரித்து வந்தார்கள். முதல் வருஷக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் புகைப்பவர்! மூச்சுத் திணறுகிற நோயாளிக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, ஓய்வறைக்குப் போய்ப் பற்ற வைத்தவர்கள்.

அவர்களுக்கா கெடுதல் தெரியாது? நமக்குப் பாடம் சொல்வதே அவர்கள்தானே! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். "ஒரு நாளைக்கு நாலே நாலுதான்" என்று சமாதானம் சொல்கிறோமே, அந்த நாலுக்குள் நிறுத்திக்கொள்ளும் பெண்களுக்குக்கூட இருதய நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 1987-ல் தெரிய வந்தது. எதிலிருந்து? இதே நர்ஸுகள் நிரப்பிக் கொடுத்த தாள்களிலிருந்துதான்.

ஆக, தெரிவது வேறு, விடுவது வேறு. நிக்கோடின் என்கிற சரக்கு, புகையை இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், எதிலும் மனசு ஓடாமை. மறுபடி ஒன்று இழுத்தால் அடங்கும். "சிகரெட் பிடிச்சாத்தான் டென்ஷன் குறையுது" என்கிறார்களே, பாதி டென்ஷனைக் கொண்டு வந்து விட்டதே அந்தச் சிகரெட்தான்.

இதோடு நர்ஸ் உத்தியோகத்தின் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மாமியின் பெண் அமெரிக்காவில் நர்ஸாக இருக்கிறாள். லீவில் வந்தபோது துருவித் துருவிக் கேட்டேன். "பன்னிரண்டு மணி நேர டியூட்டி ஆன்ட்டி. சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆனா சிகரெட்டுக்குன்னு வெளியே போனா மட்டும் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷம்தான் அவங்களுக்கு ஓய்வே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உட்காருவதற்கு ஒரு சாக்காக அல்லவா சிகரெட் இருந்திருக்கிறது!

1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் புகைப்பது நின்றது. நல்ல காரியம்தான். ஆனால், புகைக்கும் நர்ஸுகள் கார் நிறுத்துமிடத்தில் ஒளிந்து நின்று, உடுப்பில் வாடை வருமோ, நோயாளி முகம் சுளிப்பாரோ என்று கூசினார்கள். கூச்சம் இருக்கிறவர்கள் உதவி கேட்பார்களா? மாட்டார்கள். 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நர்ஸிங் பேராசிரியையாக இருந்த லிண்டா சார்னாவும் அவர் சகாக்களும், புகையிலை இல்லாத நர்ஸுகள் என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். குற்றம் சொல்லாமல் கை கொடுப்பதுதான் அவர்கள் வழி.

மாமியின் பெண் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டாம். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும், மெல்லும் நிக்கோடின் கம்மும் இலவசம். ஆலோசனை சொல்பவரை டியூட்டி நேரத்திலேயே பார்க்கலாம், சம்பளப் பிடித்தம் கிடையாது. ஒருத்தி எழுந்து போகும்போது அவள் நோயாளிகளை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். சிகரெட்டுக்காக அல்ல, சும்மா நடந்துவிட்டு வர! இவளுடைய சிநேகிதி ஒருத்தி ஐந்து வாரம் தாக்குப் பிடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த குழந்தை ஒன்று இறந்துபோன இரவில் மறுபடி பற்ற வைத்துவிட்டாள். மறுநாள் குழுவில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். புதுத் தேதி குறித்துக் கொடுத்தார்களாம். இப்போது விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

வெறும் துண்டுப் பிரசுரம் கொடுத்தால் பலன் சொற்பம். ஆளோடு ஆள் பேசி, மருந்தும் சேர்ந்தால்தான் பலன் என்று வேலை செய்யும் இடங்களில் பார்த்தே கண்டிருக்கிறார்கள். 1976-ல் மூன்றில் ஒரு பங்காக இருந்த கணக்கு, அதே ஆராய்ச்சியில் 2003-ல் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. எல்லாம் இந்த ஏற்பாடுகளால் என்று சொல்ல முடியாது. தடையும் உண்டு, விலையேற்றமும் உண்டு.

நம் வீட்டில் அவர் விடுகிறேன் என்று ஒரு தேதி சொன்னால், சாம்பல் கிண்ணத்தை முதல் நாளே அப்புறப்படுத்துங்கள். முதல் வாரம்தான் ரொம்பக் கஷ்டம், சிடுசிடுப்பார். பதிலுக்கு நீங்களும் சிடுசிடுக்காதீர்கள். ஆசை தலைதூக்கினால் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். அதற்குள் ஒரு டம்ளர் மோரோ, தெருக்கோடி வரை ஒரு நடையோ போதும். கம்மும் பட்டையும் இங்கேயும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக இருதயக் கோளாறு உள்ளவர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் மாமியாருக்கும் இதே பேச்சுதான். அதிலும் இருப்பது நிக்கோடினேதான்.

சிகரெட் பெட்டி மேலேயே 1800-11-2356 என்று ஒரு நம்பர் போட்டிருக்கும். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அந்த நம்பரைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.