கவிதை நூலை யார் அச்சிடுவது?

கவிதை நூல் விலைபோவதில்லை. ஆகவே அதை அச்சிடுவது வீண் செலவு என்று நம்மிடையே சில பெரியவர்கள் ஓயாது கூறி வருகின்றனர். விலைபோவதையே அச்சிட வேண்டுமென்பது விதியானால், தமிழில் பஞ்சாங்கமும் சமையற் புத்தகமுமன்றி வேறென்ன மிஞ்சியிருக்கும்?

பாரதியார் 1908-ல் ‘சுதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்டார். 1920-ல் தம் நூல்களை நாற்பது பகுதிகளாக அச்சிட விரும்பி, நண்பர்களிடம் கடன் கேட்டு அறிக்கை விடுத்தார். பணம் வரவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். அந்நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் வாங்கியது 1949-ல்! பாரதிதாசனின் கவிதைகளை 1938-ல் நூலாக வெளியிட்டவர் குஞ்சிதம் குருசாமி அம்மையார். பெரிய கம்பெனி எதுவுமன்று. சி. சு. செல்லப்பா 1962-ல் இருபத்து நான்கு கவிஞர்களைத் திரட்டிப் ‘புதுக்குரல்கள்’ வெளியிட்டார். தம் பிரசுரங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். சிங்கையிலோ 1887-லேயே சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ அச்சேறிவிட்டது.

இனி நமது வெளியீட்டு விழாக்களைப் பார்ப்போம். மண்டபம், மாலை, பொன்னாடை, முதற்பிரதி பெறும் பிரமுகர், அவர் நீட்டும் உறை. பேச்சாளர்களிற் பலர் நூலைப் பிரித்தும் பாரார். விழா முடிந்ததும் மிச்சப் பிரதிகள் கவிஞர் வீட்டுக் கட்டிலடியில் கறையானுக்கு விருந்தாகின்றன. இதனால் பிழைப்பது கவிதையா, பொன்னாடை வியாபாரமா என்று கேட்கிறோம்.

கறையானைக் காட்டிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டு, மூன்று தலைமுறை உழைத்த மக்கள் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டதைப் பாட வேண்டிய கவிஞன், அவ்வீடமைப்பிற் பொருளீட்டியவர் முன்வரிசையில் உறையுடன் அமர்ந்திருக்கும்போது எதைப் பாடுவான்? நிலவைப் பாடுவான், தமிழன்னையைப் பாடுவான். அவனை நாம் குறை கூறோம். அச்சுக்கூலி கொடுக்க வேண்டியவன் அவன்.

அரசாங்க மானியம் இருக்கிறதே என்பர். வேண்டாமென்று சொல்லோம், ஆயினும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்கு மட்டுமே கவிதை எழுதத் தெரியும் என்பதில்லை. இணையம் போதுமென்பர். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பு நூல்களைத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் 2015-ல் மின்வடிவாக்கினர். அரிய பணியே. ஆனால் எவரோ கைப்பொருளிட்டு அச்சிட்டு வைத்தமையாலன்றோ மின்வடிவாக்க நூலிருந்தது?

சிறு பதிப்பாளரையும் நாம் விடுவதற்கில்லை. அணிந்துரை நான்கு, ஒற்றுப்பிழை நாற்பது என்று நூல் போடுவது தொண்டாகாது. தேறாத கவிதையைத் திருப்பியனுப்ப நெஞ்சுரமில்லாதவர் பதிப்பாளரல்லர். அச்சகத்துக்கும் கவிஞருக்கும் இடையே ஓடும் தரகர்.

இருநூறு பிரதிகளை மட்டும் அச்சிடும் வசதி இன்று வந்துவிட்டது. ஆகவே இருநூறு வாசகர் முன்பணம் செலுத்தினால் ஒரு நூல் வெளிவரும். பிரமுகரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். முன்பணம் கொடுத்தோர் பெயரை இறுதிப் பக்கத்தில் அகரவரிசையில் அச்சிடுக. பால்மரம் வெட்டியவர் பெயரும் வழக்கறிஞர் பெயரும் அங்கே அடுத்தடுத்து வரட்டும்.