கட்டங்கள் நிரம்பினால் போதுமா?

மருத்துவ மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு என்றாலே உள்ளூர நடுக்கம்தான். தேர்வாளர் கையில் ஒரு தாள் இருக்கும். கை கழுவினோமா, நோயாளியின் பெயரைக் கேட்டோமா என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ வாங்கிவிட்டு, நோயை மட்டும் தவறாகச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. தேர்ச்சியும் பெற்றேன்! அமெரிக்காவின் செப்சிஸ் சிகிச்சைத் தர அளவீட்டைப் பற்றிப் படித்தபோது அந்தத் தேர்வுதான் நினைவுக்கு வந்தது.

கிருமித் தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலைதான் செப்சிஸ். தொடக்கத்தில் அது சாதாரணக் காய்ச்சலைப் போல ஏமாற்றும். 2012-இல் நியூயார்க்கில் ரோரி ஸ்டாண்டன் என்ற 12 வயதுச் சிறுவன், பள்ளியில் விளையாடும்போது கையில் ஏற்பட்ட சிராய்ப்பைத் தொடர்ந்து வந்த செப்சிஸால் சில நாள்களிலேயே இறந்தான். பெற்றோரின் விடாமுயற்சியால் 2013-இல் அம்மாநில மருத்துவமனைகளுக்குச் செப்சிஸ் விதிமுறைகள் கட்டாயமாயின. 2015 அக்டோபரில் ‘செப்-1’ என்ற அளவீடு நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. மூன்று மணி நேரத்திற்குள் லாக்டேட் பரிசோதனை, இரத்தத்தில் கிருமி கண்டறியும் சோதனை, கிருமிக்கொல்லி மருந்து ஆகியவை முடிய வேண்டும். இரத்த அழுத்தம் வீழ்ந்தால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் வீதம் உப்புநீரும் ஏற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த நோயாளிக்கான மதிப்பெண் பூஜ்யம்.

பலன் கிடைத்ததா? நியூயார்க்கின் 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, கிருமிக்கொல்லி மருந்து தாமதமாகத் தாமதமாக இறப்பு கூடுவதைக் காட்டியது. உப்புநீர் ஏற்றி முடிக்கும் நேரத்திற்கும் இறப்புக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. 114 மருத்துவமனைகளைப் பற்றி 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, செப்-1 வந்தபின் லாக்டேட் பரிசோதனை பெருகியது, இறப்பு விகிதத்தில் அதனால் மாற்றமில்லை என்றது.

அப்படியென்றால் அளவீடே வேண்டாமா? அதை நான் ஏற்கமாட்டேன். கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அலட்சியம் வளரும். ஆனால், உயிரோடு தொடர்புள்ள செயலையும் தொடர்பு உறுதியாகாத செயலையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது முறையா? இதயம் பலவீனமான முதியவருக்கு அளவுக்கு மீறிய உப்புநீர் மூச்சுத் திணறலைத் தரலாம். மதிப்பெண்ணுக்கு அஞ்சி, வைரஸ் காய்ச்சலுக்கும் கிருமிக்கொல்லி கொடுத்தால், நாளை அம்மருந்துக்கே கிருமிகள் அடங்காமல் போகும். 2021-ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டியும், அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்திற்குள் மருந்து என்றும், அதிர்ச்சியின்றிச் சந்தேகம் மட்டுமே உள்ளவருக்கு ஆராய்ந்து பார்க்க மூன்று மணி நேரம் வரை என்றும் வேறுபடுத்திச் சொல்கிறது.

நிரப்பிய கட்டங்களைவிட, நோயின் கடுமையையும் கணக்கில் கொண்டு எத்தனை பேர் பிழைத்து வீடு திரும்பினர் என்பதையே முதலில் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நாளை வெள்ளை அங்கி அணியப்போகும் நண்பர்களே, தாளைப் பார்க்கும் முன் நோயாளியின் முகத்தைப் பார்ப்போம்!