லாக்கப் கொடுமையைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போலீஸார் ராஜாக்கண்ணுவை அடித்தே கொன்றார்கள். அந்த வழக்கைச் சொல்லும் "ஜெய் பீம்" (2021) படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்கும் பெற்றோர் புதுவையிலும் உண்டு.

சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். பயமும் கெட்ட கனவும்தான் மிஞ்சும். பெற்றோர் துணையோடு பார்க்கும் படங்களை 7, 13, 16 வயது என்று 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பிரித்தது சரியே. ஆனால் மேல்வகுப்புப் பிள்ளைகளிடமும் மறைப்பதை நாம் ஒப்பமாட்டோம். கைதியைப் புரட்டியெடுக்கும் போலீஸ் கதாநாயகனுக்கு அவர்கள் விசிலடித்தால் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதே அடியை அடிபட்டவன் பக்கம் நின்று காட்டினால் மட்டும் "ஐயோ, வன்முறை!" என்பதா? விசிலடிக்க வைக்கும் படம்தான் விஷம்.

1936 ஜூலை 30ந் தேதி நம் ஊர் சவானா மில் தொழிலாளர் போராட்டத்தில் 12 பேரைப் பிரெஞ்சு சர்க்கார் சுட்டுக் கொன்றது. எட்டு மணி நேர வேலை கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்! அந்த ரத்தக் கதையை நாம் பிள்ளைகளிடம் மறைத்ததுண்டா?

கூடவே உட்கார்ந்து பாருங்கள். ராஜாக்கண்ணுவின் மனைவி கோர்ட் ஏறியதையும், கம்யூனிஸ்டுகளும் வக்கீல் சந்துருவும் துணை நின்றதையும், 2006இல் ஐகோர்ட் போலீஸாரைத் தண்டித்ததையும் சொல்லுங்கள். படம் அவரை இருளராகக் காட்டுகிறது; உண்மையில் அவர் குறவர். அதையும் சொல்லுங்கள்.