சோளக்காட்டில் சூறைக்குருவி

கேள்வி: ''மானாவாரிச் சோளம் பால் பிடிக்கும் சமயத்தில், கறுப்புத் தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக மைனா போன்ற பறவைகள் நூற்றுக்கணக்கில் இறங்குகின்றன. விஷம் வைக்கலாமா?''
- வாசகர், விளாத்திகுளம்.

பதில்: வேண்டவே வேண்டாம். விஷத்தில் மயிலும் மைனாவும் சேர்ந்து சாகும்.

நீங்கள் சொல்வது சூறைக்குருவி. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் மே, ஜூன் மாதங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட் வாக்கிலேயே இந்தியாவுக்குத் திரும்ப ஆரம்பித்துவிடும். ஏப்ரல் வரை இங்கேதான். வருஷத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் இருப்பதை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

அங்கே குஞ்சுகளுக்கு முக்கிய உணவு வெட்டுக்கிளி. அது எங்கே பெருகுகிறதோ, அங்கே போய்க் கூட்டமாகக் கூடு வைக்கும். ஒரு வருஷம் ஆயிரக்கணக்கில் அடைந்த இடம், மறு வருஷம் வெறிச்சோடிக் கிடக்கும். சீனாவின் ஷின்ஜியாங்கில் மேய்ச்சல் நிலத்தைக் காக்க, கற்களைக் குவித்தும் செங்கல்லில் கட்டியும் இதற்குக் கூட்டிடம் செய்து கொடுக்கிறார்கள். நம் காட்டிலும் பூச்சிகளைத் தின்னத்தான் செய்கிறது. என்ன செய்ய, சோளத்தையும் விடுவதில்லை!

பால் பிடித்ததிலிருந்து மணி முற்றும்வரை காலையிலும் மாலையிலும் காவல் இருங்கள். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டி, பழகிவிடாதபடி அடிக்கடி இடம் மாற்றுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி ஒரே சமயத்தில் விதைத்தால், சேதம் ஒருவர் தலையிலேயே விழாது.