டிக்கெட்ல உயிருக்கு கேரண்டி எழுதலை, மக்களே

1/ லீவு விட்டாச்சு. எல்லார் ஸ்டேட்டஸிலும் ராட்டினம், அலைக்குளம், ரிசார்ட் ரூம் பால்கனி. சந்தோஷம். நானும் போன மாசம் ஒரு பெரிய தீம் பார்க்குக்கு குடும்பத்தோட போயிட்டு வந்தேன். ஆனா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில வேலை பாக்குறவன் அங்க போனா, கண்ணு வேற எதையோ தேடும். அதைத்தான் எழுதுறேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ கேட்லயே சண்டை. பையைத் துழாவி, என் பொண்ணோட தண்ணி பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னாங்க. "உள்ள கிடைக்கும் சார்." கிடைக்கும், காசுக்கு. இலவசக் குழாய் எங்கன்னு நாலு பேர்கிட்ட கேட்டு, கடைசியில கழிவறைப் பக்கம் ஒண்ணைக் கண்டுபிடிச்சேன்.

3/ இது சின்ன விஷயம் இல்ல. வெயில்ல ஒரு ரைடுக்கு முக்கால் மணி நேரம் கியூ. குழந்தைகளுக்கு விளையாட்டு மும்முரத்துல தாகமே தெரியாது. தலைவலி, வாந்தி, சோர்வுன்னு ஆரம்பிக்கும். "ரைடு சுத்தினது ஒத்துக்கல"ன்னு நினைச்சு விட்டுடுவோம். உளறலும் மயக்கமும் வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவோம். வெப்ப அலையை மாநிலப் பேரிடரா 2024-ல தமிழ்நாடு அரசே அறிவிச்சிருக்கு. பேரிடர் நேரத்துல குடிதண்ணியைப் பிடுங்கி வச்சுக்கிட்டு விலைக்கு விக்கிறதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க.

4/ "எல்லா ஊர்லயும் அப்படித்தான் டாக்டர்" என்பீங்க. இல்ல. காசு கறக்குறதுல உலகத்துக்கே வாத்தியாரான அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்ட்ல, கண்ணாடி பாட்டிலும் மதுவும்தான் கூடாது. வீட்டுச் சாப்பாடு, தண்ணி தாராளமா உள்ள கொண்டு போகலாம். கவுன்ட்டர்ல கேட்டா ஐஸ் தண்ணி சும்மாவே தருவாங்க. அதனால அவங்க ஒண்ணும் கடையைச் சாத்திடலை.

5/ சரி, பார்க்கைத் திட்டியாச்சு. இப்ப நம்ம முதுகைப் பாப்போம். அன்னைக்கு ஒரு ரைடு வாசல்ல ஒரு அப்பா. பையன் அளவுக்கோட்டுக்கு நாலு விரக்கடை கீழ. "காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம், எங்க பிள்ளையை நாங்க பாத்துக்குறோம், ஏத்துப்பா"ன்னு ஆபரேட்டர் தம்பியை அந்த அதட்டு அதட்டுறார். கியூல நின்னவங்களும் "விடுப்பா"ன்னு சிபாரிசு. பாவம், அந்தத் தம்பி ஒருத்தர்தான் அங்க அந்தப் பையனுக்காக நின்னார்.

6/ உயரக் கணக்கு டிக்கெட் கணக்கு இல்ல. இடுப்புக் கம்பியும் தோள் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செஞ்சது. அதைவிடச் சின்ன உடம்பு, வேகமா திரும்பும்போது கம்பிக்கு அடியில நழுவும். டிஸ்னியின் ஸ்பேஸ் மவுண்டன் ஏற 112 செ.மீ. வேணும். 111-ன்னா அழுதாலும் ஏத்த மாட்டாங்க. 2019 ஜூலையில அகமதாபாத் காங்கரியாவுல ராட்டினம் உடைஞ்சு 2 பேர் செத்தாங்க. மெஷின் உடையாம பாத்துக்கிறது நம்ம கையில இல்ல. உயரத்துல பொய் சொல்லாம இருக்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

7/ அடுத்தது அலைக்குளம். எனக்கு ராட்டினத்தைவிட இதுதான் பயம். சினிமாவுல மூழ்குறவன் கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துவான். நிஜத்துல சத்தமே வராது. மூச்சுக்கே காத்து இல்லாதப்ப கத்துறதுக்கு ஏது? பெரியவங்களுக்கு இடுப்பளவு தண்ணி, குழந்தைக்குக் கழுத்தளவு. ஒரு அலை தூக்கிப் போட்டா ஒரு நிமிஷம்கூட வேண்டாம். நூறு டியூப் மிதக்கிற கூட்டத்துல லைஃப்கார்டு கண்ணுக்குத் தெரியாமலே போயிடும்.

8/ சில வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஏழு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. நீச்சல் டிரஸ் ஈரம்கூட காயல. கூட வந்த பெரியவங்க எட்டு பேர். எட்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, "நீ பாத்துக்கிறேன்னுல்ல நெனச்சேன்" என்றார்கள். அந்த வாக்கியத்தை என்னால இன்னும் மறக்க முடியல.

9/ அவங்க பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தலைகீழா பிடிச்சு சுத்துனோம் சாமி, வயித்தை அமுக்குனோம், தண்ணியெல்லாம் வந்துருச்சு, பொழச்சிருவான்ல?" என்றார். அவனைக் காப்பாத்த முடியல.

10/ தயவுசெஞ்சு இதை மனசுல ஏத்திக்குங்க. தலைகீழா சுத்தாதீங்க. வயித்தை அமுக்காதீங்க. வெளிய வர்றது பெரும்பாலும் வயித்துத் தண்ணி. அது நுரையீரலுக்குள்ள போய் இன்னும் கெடுக்கும். அதைவிட மோசம், மூளை காத்துக்கு ஏங்குற நிமிஷங்களை அதுல தொலைக்கிறோம்.

11/ செய்ய வேண்டியது இதுதான்: சமதரையில மல்லாக்கப் படுக்க வைங்க. பேச்சு இல்ல, மூச்சும் இல்லைன்னா தலையை லேசா பின்னால சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயோட வாய் வச்சு முதல்ல 2 முதல் 5 மூச்சு. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100-120 வேகம். 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. பிள்ளை எழுந்து உக்காந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சுத் திணறல் வரலாம்.

12/ "விதி முடிஞ்சா யார் தடுக்க முடியும்?" என்று கமென்ட் வரும், தெரியும். எட்டு பேர்ல ஒருத்தர் கைக்கெட்டும் தூரத்துல நின்னிருந்தா அந்த விதி வேற மாதிரி இருந்திருக்கும். கவனக்குறைவுக்கு விதின்னு பேர் வைக்காதீங்க.

13/ பார்க் முதலாளிகளே, நான் கேக்குறது மூணே மூணு. தண்ணி பாட்டிலை உள்ள விடுங்க. எல்லா லைஃப்கார்டுக்கும் சி.பி.ஆர். கத்துக்கொடுங்க. உயரம் பாத்து மறுக்குற ஊழியரை, கஸ்டமர் கத்துறாருன்னு விட்டுக்கொடுக்காதீங்க.

14/ பெற்றோர்களே, உங்ககிட்டயும் மூணு. அளவுக்கோட்டுல பொய் வேண்டாம். காத்தடிச்ச கைப்பட்டையை நம்பாதீங்க, லைஃப் ஜாக்கெட் போடுங்க. தண்ணிக்குப் பக்கத்துல "இந்த அரை மணி நேரம் நான்"னு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பெடுங்க. அந்த அரை மணி நேரம் அவருக்கு செல்போன் கிடையாது.

15/ போங்க, நல்லா ஆடிட்டு வாங்க. நான் போகாதீங்கன்னு சொல்லவே இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்களை நான் பாக்கக் கூடாது, அவ்வளவுதான். டூர் பிளான் போட்டிருக்கிற உங்க ஃபேமிலி குரூப்ல இதைப் போட்டுவிடுங்க.