கவிதைக்கு மருந்துச் சீட்டு வேணாம்

1/ சந்தப் பாட்டைச் சத்தமா சொன்னா தைராய்டு சரியாகும், பிரஷர் இறங்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. மருத்துவரா சொல்றேன்: ஆகாது. மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆனா பாட்டைச் சத்தமா வாசிங்க. ஏன்னு சொல்றேன்.

2/ கம்பராமாயணம், ஆரண்ய காண்டம். சூர்ப்பணகை அழகியா உருமாறி நடந்து வர்ற பாட்டு. உரையை மட்டும் படிச்சா "அழகா வந்தாள்", அவ்வளவுதான். வாய்விட்டுப் படிங்க. "ஞ்ச" திரும்பத் திரும்ப வரும்.

3/ "ஞ்" சொல்லும்போது மென் அண்ணம் கீழே இறங்கி, காற்று மூக்கு வழியா போகும். ஒலி குழையும். அரக்கி போட்ட வேஷம் உங்க வாய்க்குள்ளேயே நடக்குது. கண்ணால மட்டும் படிக்கிறவருக்கு இது கிடைக்காது.

4/ கலிங்கத்துப்பரணி போர்க்களத்துக்கு வாங்க. குறிலா அடுக்கி, ஒரே சொல்லை மூணு தடவை சொல்லி விரட்டுவார் செயங்கொண்டார். நாம பேசுறது வெளிமூச்சுலதான். நடுவுல மூச்சிழுக்க அவர் இடமே விட மாட்டார். நாலு தாழிசைக்குள்ள உங்களுக்கே மூச்சு வாங்கும். போர்னா அதுதானே!

5/ இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. எழுத்து பிறக்கிற இடங்களா நெஞ்சு, மிடறு, தலை, நாக்கு, பல், உதடு, மூக்கு, அண்ணம்னு 8 இடத்தைத் தொல்காப்பியம் பிறப்பியல்லயே சொல்லியாச்சு.

6/ நம்ம பரீட்சை என்ன கேக்குது? "அடிபிறழாமல் எழுதுக." ஒற்றுப்பிழைக்கு மார்க் போகும். பிள்ளை ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லுச்சான்னு கேள்வியே இல்ல. காதுக்குப் பண்ண பாட்டைக் கண்ணால திருத்துறோம்.

7/ "நேரம் இல்ல சார்." ஒரு பாட்டுக்கு அரை நிமிஷம். 40 பேர் இருந்தாலும் ஒரே பீரியட்.

8/ "புரியாம வாசிச்சு என்ன பிரயோஜனம்?" தாலாட்டு புரிஞ்சா குழந்தை தூங்குச்சு? முதல்ல காது பழகட்டும், அப்புறம் அர்த்தம் சொல்லுங்க.

9/ "திக்குற பிள்ளை என்ன பண்ணும்?" நல்ல கேள்வி. எல்லாரும் சேர்ந்து ஒரே குரல்ல வாசிக்கும்போது பலருக்குத் திக்கல் குறையும். இது நல்லா தெரிஞ்ச விஷயம். அதுவும் சிகிச்சை இல்ல, அதுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் இருக்காங்க. ஆனா அந்தப் பிள்ளையும் கூச்சமில்லாம பாட்டுக்குள்ள வரலாம். தனியா எழுப்பி நிறுத்தி வகுப்பைச் சிரிக்க விடாதீங்க.

10/ ஒருத்தர் பாட்டை மார்க் ஆக்குறார், இன்னொருத்தர் மருந்து ஆக்குறார். ரெண்டு பேருமே பாட்டைக் கேக்கல. ஆசிரியர்களே, நாளைக்கு உரை சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வகுப்பே சேர்ந்து உரக்க வாசிக்கட்டும். பெத்தவங்க வீட்டுல பண்ணுங்க. இதுக்கு எந்த டாக்டர் சீட்டும் தேவையில்ல.