சார் எழுதின கோட்

போடியில் ஏலக்காய் வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு சிறு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளியும் கோட் எழுதுகிறவர். தொகையை ஃப்ளோட்டில் வைத்திருக்கிறார். பைசாவாக முழு எண்ணில் வைக்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் "சார், இது சரியா வராது" என்றால் பேச்சு கோடை விட்டு மரியாதைக்குப் போய்விடும். அதற்குப் பதில், 0.1ஐப் பத்து முறை கூட்டும் டெஸ்ட் ஒன்றை முதலாளியின் மேசையில் ஓட்டிக் காட்டட்டும். 1 வராது, 0.9999999999999999 வரும். அப்புறம் சார் கணினியோடுதான் வாதாட வேண்டும்.

எல்லாம் இப்படி ஒரு டெஸ்டில் முடியாது. எந்த டேட்டாபேஸ், பழையதை ஒட்டுப்போடுவதா இடித்துக் கட்டுவதா என்பவற்றில் ஊகமும் கலந்திருக்கும். அங்கே ஊகத்தையும் கணக்கையும் எழுத்தில் வைக்க வேண்டும். இதற்குப் பெரியாற்று அணையே உதாரணம். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனையை 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் மட்டம் பார்த்துத்தான் முடியாது என்றார். ஆனால் இனி இதைக் கவனிக்கவே தேவையில்லை என்றும் சேர்த்தார். சீனியர்கள் இன்றும் சேர்க்கும் வாக்கியம் அது. மேஜர் ரைவ்ஸ் 1867இல் மண் அணைக்குத் திட்டம் கொடுத்தார். திட்டம் தாளில் இருந்ததால் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 1882இல் பொறுப்பு பொறியாளர் பென்னிகுயிக்கிடம் வந்தபோது மண் போய், சுண்ணாம்பு-சுர்க்கிக் கான்கிரீட் வந்தது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது.

சார் சொல்வதே சரியாக இருக்கும் நாட்களும் உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. அன்று மாற்றுக் கருத்தை இரண்டு வரியில் டிக்கெட்டில் பதிந்துவிட்டு, அவர் வழியை முழு மனதோடு எழுத வேண்டும். அரைமனதாக எழுதித் தோற்கவைப்பது நம் தொழிலில் அரிதல்ல. அதைவிட அசிங்கம் வேறில்லை.

பெரிய பொறுப்பு முதலாளியுடையதே. ராத்திரி பதினோரு மணிக்கு எழுதி, ரிவியூ இல்லாமல் நேராக மெயினில் மெர்ஜ் செய்கிற அதிகாரத்தை அவரே கைவிட வேண்டும். கிளைப் பாதுகாப்பு அமைப்பில் அட்மினுக்கும் விதி பொருந்தும்படி வைக்க வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, தன் கோடை ரிவியூ செய்ய அணியிலேயே இளையவரைக் கேட்கட்டும். முதல் வாரம் "நல்லா இருக்கு சார்" என்றுதான் வரும். அப்ரூவலை ஏற்காமல், ஒரு குறையாவது எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.